வெள்ளிக்கிழமை கொடுக்காத குப்பை

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிறவளுக்கு வாய் இல்லையென்றால் தலையில் கொட்டிவிடுவார்கள் என்பது என் கட்சி. அந்த வாயால்தான் பாதித் தெருவைப் பகைத்துக்கொண்டாய் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் தூய்மைக் காவலராக நான் வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் நான் திட்டாத வீடு கிடையாது. என்னைத் திட்டாத வீடு ஒன்றிரண்டு இருக்கலாம்.

அவ்வளவு பேசுகிற நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வெளியே விடாமல் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டுப் போனேன். அந்த நேரம் அந்த வீட்டு அக்கா கொல்லைப்புறத்தில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். மறுநாள் அவளைத் தூக்கியதும் நான்தான். தூக்கியதற்காக ஊரே என்னைப் பாராட்டியது. சிரித்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் தெரு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல் ஊன்றிய மனைகள், நடுநடுவே வயல். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் நாலு மனை சும்மா கிடக்கும். குளிக்கிற தண்ணீரைக் கொல்லையில் வாழைக்கு விட்டார்கள். வாழை இல்லாதவர்கள் தெருவுக்கு விட்டார்கள். குப்பையைப் பக்கத்து மனையில் கொட்டினார்கள். அந்த மனையில் வீடு வந்தவுடன் அதற்கடுத்த மனையில் கொட்டினார்கள். கொட்டுவதற்கு மனை தீர்ந்துபோன பிறகுதான் ஊருக்கு என் ஞாபகம் வந்தது.

அப்போது என்னிடம் இருந்தது மூன்று சக்கர சைக்கிள் வண்டி. பச்சை டிரம் ஒன்று, சிவப்பு டிரம் ஒன்று. கழுத்தில் விசில். இப்போது பேட்டரி வண்டி வந்துவிட்டது, அதில் ஒலிபெருக்கி பாடுகிறது, நாங்கள் தொண்டையைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த விசில் காலம் நன்றாக இருந்தது. நான் ஊதுகிற ஊதலை வைத்தே, இன்றைக்கு இவள் கோபமாக வருகிறாளா சிரித்துக்கொண்டு வருகிறாளா என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஆடியில் மேற்கே இருந்து காற்று வரும் பாருங்கள், அதுதான் எனக்கு எமன். டிரம்மின் மூடியைத் திறந்தால் போதும், பாலிதீன் பை அத்தனையும் வயலுக்குப் பறக்கும். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடுவேன். மாடியில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். கெட்ட வார்த்தை ஒன்றை எடுத்து விடுவேன், உள்ளே போய்விடுவார்கள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்களுக்கும் சீசன்தான். எந்தெந்த ஊரிலிருந்தோ சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து இறங்குவார்கள். வாளி நிரம்பி வழியும். எண்ணெய் பாட்டில், சீயக்காய்க் கவர், ரம்புட்டான் தோல், புளியறைப் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்த பரோட்டாப் பொட்டலத்தின் இலை. வாளியைப் பார்த்தே அந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரிந்துவிடும். யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, எந்த வீட்டு அண்ணாச்சி பாட்டிலைப் பேப்பரில் சுற்றி அடியில் ஒளிக்கிறார், எல்லாம் தெரியும். ஒரு வீட்டிலும் போய் இன்னொரு வீட்டைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. என் வாய் நீளம்தான், ஆனால் அந்த விஷயத்தில் சுத்தம்.

இனி வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை குப்பையை வெளியே கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கூடவே மகாலட்சுமியும் படியிறங்கிப் போய்விடுவாளாம். வேதக்கார வீடுகளில், அதாவது கிறிஸ்தவர்கள் வீட்டில் மட்டும் வாளியை எடுத்து வருவார்கள். மற்ற வீடுகளில் கோலம் இருக்கும், சாம்பிராணி வாசனை இருக்கும், குப்பை இருக்காது. எல்லாம் சேர்ந்து சனிக்கிழமை என் தலையில் விழும். எனக்குக் கோபம் வரும். கோபப்பட்டு என்ன செய்ய? என் வீட்டிலும் நான் வெள்ளிக்கிழமை குப்பையை வெளியே எடுப்பதில்லை. அதைப் பிறவியிலிருந்தே பழகியாயிற்று.

அதனால் வெள்ளிக்கிழமை எனக்குப் பாதி வேலைதான். விசிலை ஊதிக்கொண்டு, வண்டியை நிறுத்தாமல் போவேன்.

தெருக் கடைசியில் இருந்த மூலை வீடு அந்த அக்காவுடையது. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து வீட்டைக் கட்டி முடித்தார், பால் காய்ச்சிய அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் திருச்சியில் போலீஸ். அக்கா தனியாக இருந்தாள். அறுபதை நெருங்கிய வயசு, நல்ல திடகாத்திரம், குரல் மட்டும் ஏட்டையா குரல். நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையை எழுதினால் புஸ்தகம் தாங்காது.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். அக்கா குப்பையைப் பிரிக்க மாட்டாள். பிரிக்காதது மட்டுமில்லை, திருட்டுத்தனமும் உண்டு. மேலே கத்தரிக்காய்க் காம்பும் வெங்காயத் தோலும் அழகாகப் பரப்பியிருக்கும். கையை விட்டுப் பார்த்தால் கீழே பால் கவர், பழைய செருப்பு, உடைந்த பல்பு. ஒருநாள் பல்புக் கண்ணாடி என் விரலைக் கிழித்துவிட்டது. அத்தனையையும் அவள் கேட்டுக்கு முன்னாலேயே, அன்றைக்குப் போட்ட கோலத்தின் மேலேயே கவிழ்த்தேன்.

"பிரிச்சுத் தாங்க. இல்லன்னா இங்கனயே கெடக்கட்டும்" என்றேன்.

"ஏட்டி, எங்கோலத்துலயா கொட்டுத? ஒனக்கு எம்புட்டுத் திமிரு!"

"எம் வெரல்ல ரத்தம் வடியுது, ஒங்களுக்குக் கோலம் பெருசாப் போச்சோ?"

அக்கா என் விரலைப் பார்த்தாள். உள்ளே போய் மஞ்சள் கொண்டுவந்து அப்பினாள். பிறகு குத்தவைத்து, திட்டிக்கொண்டே, தெருவில் கிடந்த குப்பையைத் தன் கையால் பிரித்தாள். எழுந்திருக்கும்போது, "காப்பி குடிச்சிட்டுப் போ, மூதி" என்றாள். அவள் குடிக்கிற அதே எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தாள். எனக்கென்று தனித் தம்ளர் ஒதுக்காத வீடு அந்தத் தெருவில் அப்போது அது ஒன்றுதான். அந்தக் காப்பிக்குப் பிறகும் அவள் குப்பையைப் பிரிக்கவில்லை. நானும் திட்டுவதை நிறுத்தவில்லை. காலையில் அந்த மூலை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்காகவே மற்ற வீடுகளை வெரசாக முடிப்பேன். நல்ல சண்டைக்கு ஆள் கிடைப்பது லேசில்லை.

அந்த வருஷம் எங்கள் தெருவில் சாக்கடை கட்டத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மண்மேடு. சாரல் வேறு விடாமல் தூறி, தெரு களிமண் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை உருட்டிக்கொண்டு மூலை வீட்டுக்கு வந்தேன். கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. பால்காரர் மாட்டிவிட்டுப் போன பையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் வாசலில் குடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றார். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மூலை வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி, கத்திச் சொன்னேன்.

"இன்னைக்கு மகாலட்சுமி கேட்டத் தொறக்க மாட்டா டீச்சர்! வெங்காயத் தோலோட சேர்ந்து எங்கூட வந்துருவோம்னு பயம்!"

டீச்சர் சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். விசிலை ஒரு ஊது ஊதிவிட்டு வண்டியைத் திருப்பினேன். பாலை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு நொடி மனசில் ஓடியது. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அதையும் நானே மூடிவிட்டேன். உள்ளே தாழிட்டுக்கொண்டு எப்படிக் கோயிலுக்குப் போவாள்? அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் ஆள் வெளியே வரவில்லை என்றால் எனக்கு அது சந்தேகமே இல்லை, அது வழக்கம்.

சனிக்கிழமை வந்தேன். சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் இரண்டு வாளி கேட்டுக்கு வெளியே காத்திருக்கும். ஒன்றும் இல்லை. பையில் இரண்டு பால் பாக்கெட். கோலம் இல்லை.

"யக்கா! யக்கோவ்!" என்று கத்தினேன். பதில் இல்லை. விசிலை எடுத்து ஊதினேன். நிறுத்தாமல் ஊதினேன். டீச்சர் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்தார். "நேத்து ராத்திரி லைட்டே எரியலம்மா. மகன் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேட்டில் கால் வைத்து ஏறிக் குதித்தேன். முட்டி சிராய்த்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாள். மேலே கொஞ்சம் தகரம் இருந்தது. இடுப்புக்குக் கீழே சாரலில் நனைந்து சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ஒரு கால் கோணலாகத் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது.

"வந்துட்டியா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வியாழக்கெழம சாயந்தரம் வழுக்கிட்டுதுடி. வெளக்கு ஏத்தல. வெள்ளிக்கெழமயும் ஏத்தல."

"வெளக்கு கெடக்கு, சும்மா இருங்கக்கா" என்று அதட்டினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். தண்ணீர் எடுத்து வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். டீச்சர் நூற்றெட்டுக்கு அடித்தார். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தோண்டிப் போட்ட தெருவுக்குள் வர முடியவில்லை, மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அந்தக் களிமண்ணில் இரண்டு பேரால் நடக்க முடியாது என்றார்கள். என் வண்டியைப் பார்த்தேன். இரண்டு டிரம்மையும் இறக்கி எறிந்தேன். டீச்சர் வீட்டு ஜமுக்காளத்தை விரித்தோம். அக்காவை அலுங்காமல் ஏற்றினோம். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நான் தள்ளினேன். அவள் வலியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. மகன் திருச்சியிலிருந்து வந்து இறங்கினான். ஆறடி ஆள், போலீஸ் கிராப்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் பார்க்க என் காலில் விழப் போனான். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். "நீங்க இல்லன்னா எங்கம்மா இல்லக்கா" என்று அழுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. ஊராட்சி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். கிளார்க், "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும், சொல்லுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். "சனிக்கிழமை வாளி வெளியே இல்ல சார்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமைதான் யாரும் குப்பை கொடுப்பதில்லையே. டீச்சரும் முன் வரிசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சிரிப்பு மறந்தே போயிருந்தது. பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தாலும் வாய் தேறிவிட்டது.

"ஏட்டி, அன்னைக்கு என்னய உருட்டிட்டுப் போனியே, எந்தக் குப்பைல சேத்த? மக்குததுலயா, மக்காததுலயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன்.

"யக்கா, வெள்ளிக்கெழமயும் நான் வந்தேன். கேட்டுக்கு முன்னால நின்னேன். பாலு தொங்குனதப் பாத்தேன். நீங்க குப்பை தரமாட்டியன்னு நெனச்சுக்கிட்டு…"

"தெரியும்" என்றாள்.

"என்னத்த தெரியும்?"

"மகாலட்சுமி வெங்காயத் தோலோட வந்துருவான்னு சொன்னியே. கேட்டுது. விசிலு கேட்டுது. ஒஞ்சிரிப்புந்தான் கேட்டுது. கூப்புட்டுப் பாத்தேன், எஞ்சத்தம் வெளிய வரல."

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் கல்லுக்கடியில் கிடந்திருக்கிறாள். அப்படிக் கிடந்தவள், நான் கேட் ஏறிக் குதித்து வந்தபோது "வந்துட்டியா" என்று மட்டும்தான் கேட்டாள்.

"பொறவு ஏங்க்கா யார்ட்டயும் சொல்லல? ஒங்க மவன் எங்கால்ல விழ வாரான். எனக்குச் சால்வ போடுதாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லி? வெள்ளிக்கெழம கேட்டுப் பக்கம் வராதன்னு ஒங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னது ஆரு? நான்தான்." அக்கா என்னைப் பார்க்காமல் போர்வை நுனியைத் திருகினாள். "சிரிச்சிட்டுப் போறாளே, சவத்துமூதின்னு ஒன்னய வைதுக்கிட்டேதான் கெடந்தேன். வைதுக்கிட்டுக் கெடந்ததுல உசுரு நின்னுட்டுது. நாளைக்கு வந்துருவா, ரெண்டு வாளி இல்லன்னா சண்டைக்கி வந்துருவான்னு தெரியும்."

நான் அப்போதும் அழவில்லை. அழவேண்டிய இடம்தான். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒண்ணு செய்யி" என்றாள். "இனும வெள்ளிக்கெழமயும் நின்னு கேளு. நான் தரமாட்டேன்னுதான் சொல்லுவேன். அதக் கேட்டுட்டுப் போ."

மூன்று மாதம் கழித்து, நான்கு கால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். முதல் வெள்ளிக்கிழமை கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். "யக்கா, குப்பை!" என்றேன். உள்ளேயிருந்து, "வெள்ளிக்கெழமயும் அதுவுமா ஆருட்டி குப்பை கேக்குதது? போட்டீ அங்கிட்டு!" என்று ஒரு சத்தம் வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். மற்ற வீடுகளிலும் அப்படியே கேட்கத் தொடங்கினேன். சிலர் முகம் சுளித்தார்கள். "கிறுக்கி, நல்லநாள் தெரியாம நிக்குதா" என்று ஒரு அண்ணாச்சி என் காதுபடச் சொன்னார். இல்லை என்று ஒரு வார்த்தை வருகிறவரை நகர மாட்டேன். சொல்லட்டும், எனக்கென்ன.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. குப்பையை மட்டும் அக்கா கடைசிவரை பிரிக்கவே இல்லை. பிறகு மகன் வந்து, இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்லதுதான், அவன் செய்ததில் தப்பில்லை. போகும்போது அக்கா காருக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தாள். இரண்டு பேருக்கும் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் போன அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. பழக்கதோஷத்தில் மூலை வீட்டுக்கு முன்னால், அதற்குள் வந்துவிட்டிருந்த பேட்டரி வண்டியை நிறுத்தி, ஒலிபெருக்கிப் பாட்டை அணைத்துவிட்டு, "யக்கா, குப்பை!" என்று கத்திவிட்டேன். கேட்டில் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "ஆளில்லாத வீட்ல யார்கிட்டம்மா கேக்கறீங்க?" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பச்சை டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.